நைனாவுக்குத் தைரியம் சொல்ல உத்திரமேரூர் போன கதை

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் நாலைந்து பேராவது மாதா மாதம் கேட்கிறார்கள்: "டீச்சர், உத்திரமேரூர் கல்வெட்டு பார்க்கப் போகலாமா, ஒரு நாள் ஆகுமா, குழந்தைகளுக்குப் பிடிக்குமா?" நான் அங்கே போனது ஒரே ஒரு முறை. அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் நைனாவோடு. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். அதற்கப்புறம் ராமேசுவரம் போனேன், மைசூர் போனேன், ஊட்டியில் மூன்று நாளும் மழையில் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டு வந்தேன். எதுவும் உத்திரமேரூர் மாதிரி என்னை ஏமாற்றவில்லை. அந்த ஊர் மேல் குற்றம் இல்லை. குற்றம் யார் மேல் என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

முதலில், ஏன் போனோம் என்று சொல்கிறேன். எங்கள் ஊர் தாமலுக்கு மேற்கே இரண்டு மைல். சேரியில் நாற்பது வீடு, கிணறு கிடையாது. ஏரிக் கால்வாயில் பள்ளம் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடிப்போம். கோடையில் ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். பஞ்சாயத்தில் நம் ஆள் ஒருவர் இருந்தால் கிணறு வரும் என்று சேரியில் பேச்சு. தேர்தல் அறிவித்ததும் எல்லோரும் நைனாவைத்தான் நிற்கச் சொன்னார்கள். நைனா எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி. அதாவது மதகைத் திறந்து, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று முறை வைத்து விடுகிறவர். முப்பது வருஷமாக அந்த வேலை. யார் வயலுக்கும் கூடக் குறைய விட்டதில்லை என்று பேர் வாங்கியவர்.

நாமினேஷன் பாரம் நானே வாங்கி வந்து, நானே நிரப்பினேன். அப்போதுதான் பயிற்சி முடித்து, கூரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். ஊரிலேயே என் கையெழுத்துதான் அழகு என்று எனக்கு ஒரு கர்வம். பாரத்தில் நைனா கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதையும் சொல்லிக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும்.

அதற்குள் பெரிய வீட்டுக்காரர் காதுக்கு விஷயம் போய்விட்டது. ஊரில் பாதி நிலம் அவருடையது. எங்கள் சேரி நிற்கிற மனையும் அவருடையதுதான். வெள்ளிக்கிழமை மதகுக்கே வந்து நைனாவிடம் சொன்னாராம்: "நெலம் கீதா உனுக்கு? நீ குந்திக்கினு கீற மனையாவது உன்துதானா? ஊர் காரியம் பேசறதுக்கு உனுக்கு இன்னா கீது?" மிரட்டக்கூட இல்லை. வெற்றிலை போட்டபடி, சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனாராம். நைனா அதை என்னிடம் சொல்லும்போது கோபத்தில் துண்டை உதறிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஐந்தாம் வகுப்புக்குக் குடவோலைப் பாடம் நடத்துகிறவள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், நம் உத்திரமேரூரில், பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஊர்க் காரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். பாடத்தில் குடமும் பையனும் படமாகவே இருக்கும். "யாரு பேரு வேணா வரலாம் நைனா. பணக்காரன், ஏழை ஒண்ணும் கெடையாது. ஆயிரம் வருசமா கல்லுல வெட்டி வெச்சிகீறாங்க. வா, கண்ணால காட்டறேன்" என்றேன். அவர் தயங்கியபடிதான் ஒப்புக்கொண்டார்.

வழி கேட்கிறவர்களுக்காக அன்றைய கணக்கைச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பி தாமல் கூட்டுரோடு வரை நடை. ஆறே முக்காலுக்கு பஸ். காஞ்சிபுரம் எட்டு மைல், ஆளுக்கு இருபத்தைந்து காசு. அங்கே நாஷ்டா முடித்து, எட்டு பத்துக்கு உத்திரமேரூர் பஸ். பதினெட்டு மைல், ஐம்பத்தைந்து காசு, ஒன்றேகால் மணி நேரம். நாஷ்டா என்றால் நான் ஓட்டலுக்குள் போய் இட்லி வாங்கி வர, நைனா வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். உள்ளே ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், உங்களுக்குத் தெரியும்.

பஸ்ஸில் நெல் மூட்டைக்கு நடுவே நாங்கள். கண்டக்டர் நைனாவின் வெள்ளை வேட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றார். நைனா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாரத்தை நாலாக மடித்து அதில் வைத்திருந்தார். "எலீசன்ல நிக்கறேன்" என்றார். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டேன். கண்டக்டர், "அப்ப நம்ம ரோட்டையும் கொஞ்சம் கவனிங்க" என்றார். நைனா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்தப் பயணத்தில் நல்லது என்று சொல்ல அது ஒன்றுதான்.

ஒன்பதரைக்கு இறங்கினோம். ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால், நெல் மண்டி, வண்டி மாடு, தூசி. கல்வெட்டு எங்கே என்று மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. நாலாவது ஆள், "எழுத்து கீற கோயிலா? நேரா போம்மா" என்றார். நான் மனதுக்குள் என்னென்னவோ கட்டி வைத்திருந்தேன். பெரிய தூண், மேலே பெரிய எழுத்து, கீழே விளக்கப் பலகை. போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க எறும்பு ஊர்ந்தது மாதிரி பொடி எழுத்து. அதில் ஒன்றுகூட எனக்குப் படிக்க வரவில்லை. அந்தக் காலத்து எழுத்து வேறு என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. டீச்சர் என்று பேர்.

நைனா சுவரைப் பார்க்கவில்லை. மூலை மூலையாகப் போய்த் தேடினார். "இன்னா தேடறே?" என்றேன். "பானை எங்க கீது பாப்பா?" என்றார். குடத்தை அங்கேயே பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் குடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று ஆசை. இல்லை என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பட்டணத்திலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் பத்துப் பன்னிரண்டு மாணவர்களோடு வந்தார். நல்ல மனுஷர், கணீரென்ற குரல். கையில் நோட்டு வைத்துக்கொண்டு, கல்லில் இருப்பதை நம் பேச்சுத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார். சனி எங்களைத் தேடிவந்தது எனக்குத் தெரியவில்லை. "நைனா, வா, கேளு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நான்தான் நிறுத்தினேன்.

முதலில் வாரியங்களைச் சொன்னார். தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒன்று, ஏரிக்கென்றே ஒன்று. ஏரி வாரியம் என்றதும் நைனா என் தோளைத் தட்டினார். "ஏரிக்குத் தனியாவே ஆளா? அது நம்ம வேலையாச்சே பாப்பா." அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் வயிறு குளிர்ந்துவிட்டது. வந்த காரியம் முடிந்தது, இனி பஸ் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போதே ஏறியிருக்கலாம்.

வாத்தியார் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "இதுல பேர் போட எல்லாராலயும் முடியாது. தகுதி இருக்கு, கேட்டுக்கோங்க. வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குள்ள இருக்கணும்." நைனா மெல்ல, "நமக்கு அம்பது" என்றார். "கால்வேலி நிலத்துக்கு மேல, வரி கட்டற நிலம், சொந்தமா இருக்கணும். சொந்த மனையில வீடு கட்டிக் குடியிருக்கணும். வேதம் படிச்சிருக்கணும்." மாணவர்கள் உடனே தங்களுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். கால்வேலி என்றால் ஒன்றேகால் காணி, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். "சார், எங்கப்பாவுக்கு ஆறு காணி இருக்கு." "சார், எங்களுக்கு வீடு சொந்தம், நிலம் இல்ல." வாத்தியாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. திரும்பி நைனாவைப் பார்த்தார். "பெரியவரே, உங்களுக்கு எத்தனை காணி?"

நைனா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "நானூறு காணிக்கு நான்தான் சார் தண்ணி வுடறேன். என்துன்னு ஒரு சாண் கெடையாது."

"அப்ப உங்க ஓலை குடத்துக்குள்ள போகாதே பெரியவரே" என்று வாத்தியார் சிரித்தார். மாணவர்கள் சிரித்தார்கள். அதில் விஷம் ஒன்றும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நைனாவும் மரியாதைக்கு அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கட்டுச்சோறு சாப்பிட ஏரிக்கரைக்குப் போனோம். உத்திரமேரூர் ஏரி கடல் மாதிரி இருக்கும் என்று சொல்வார்கள். நாங்கள் போனபோது நடுவில் கொஞ்சம் தண்ணீர், மற்றதெல்லாம் வெடித்த சேறும் ஆடுகளும். வேறு நாளாக இருந்தால் நைனா மதகு மதகாகப் பார்த்து, யார் எப்படிக் கட்டியது என்று ஆராய்ந்திருப்பார். அன்று மதகு பக்கம் தலையைத் திருப்பவில்லை. பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிட்டார்.

"பெரிய வூட்டுக்காரரு கேட்டதேதான் பாப்பா கல்லுலயும் கீது" என்றார். "நெலம் கீதா, மனை கீதான்னுதானே அவரும் கேட்டாரு. அவரு இன்னா தப்பா கேட்டுட்டாரு."

நான் விடவில்லை. இப்போது சட்டம் வேறு, பாரத்தில் நிலம் எவ்வளவு என்று கேள்வியே கிடையாது, ஓட்டு இருக்கிற யாரும் நிற்கலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். பாரத்தை வாங்கி விரித்தும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சட்டம் நேத்து வந்துச்சி. இது ஆயிரம் வருசமா கீது. நீதானே சொன்னே, ஆயிரம் வருசம்னு."

பெருமையாக எதைச் சொல்லி அழைத்துப்போனேனோ, அதையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். இரண்டே காலுக்குத் திரும்பும் பஸ். அதே ஐம்பத்தைந்து காசு. வேறு கண்டக்டர், யாரும் எங்களை எதுவும் கேட்கவில்லை. வீடு சேர ஏழு மணி.

திங்கட்கிழமை காலை நான் அழுதேன், சண்டை போட்டேன், சோறு ஆக்கமாட்டேன் என்றேன். சேரியில் பத்துப் பேர் வந்து கெஞ்சினார்கள். "வேணாம், வுட்டுடுங்க. பேஜாரு" என்று சொல்லிவிட்டு மதகுக்குப் போய்விட்டார். மூன்று மணி தாண்டியது. பெரிய வீட்டுக்காரரின் மைத்துனர் எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஜெயித்தார். பெரிய வீட்டுக்காரர் பேச்சுக்கு நைனா பணிந்திருக்கமாட்டார். அவரை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவருக்குக் கோபம்தான் இருந்தது, அந்தக் கோபத்தோடு விட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போய் அந்தக் கோபத்தை அணைத்தவள் நான். அதுவும் பஸ் சார்ஜ் கொடுத்து.

கிணறு வர ஒன்பது வருஷம் ஆனது. ஒன்பது கோடை கொட்டாங்கச்சித் தண்ணீர். கிணற்றுச் சுவரில் ஒரு கல் பதித்து, அந்த மைத்துனர் பேரை வெட்டியிருந்தார்கள். திறந்த அன்று நைனா அதன் முன்னால் நின்று, இன்னா எழுதிகீது என்று என்னைக் கேட்டார். படித்துச் சொன்னேன். "அவருக்கு எத்தினி காணின்னு போடலியா?" என்றார். இல்லை, பேர் மட்டும்தான் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினார்.

குடவோலைப் பாடத்தை அப்புறமும் முப்பது வருஷம் நடத்தினேன். யார் பேரைப் போட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லுவேன். பாடத்தில் இல்லாததை ஏன் சொல்கிறீர்கள் என்று ஒரு இன்ஸ்பெக்டர் கேட்டார். கல்லில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றேன்.

இனி, நீங்கள் கேட்டதற்குப் பதில். போங்கள், பார்க்க வேண்டிய இடம்தான். காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பஸ் இருக்கிறது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஏரியில் தண்ணீர் இருக்கும், அதைப் பார்க்கவே ஒரு நடை போகலாம். கல்வெட்டுக்கு அரை மணி நேரம் போதும். காலை வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். குடம் இருக்காது, குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பாவை அழைத்துப்போகிறவர்கள் மட்டும், முதலில் ஒரு தடவை தனியாகப் போய், அந்தக் கல்லில் என்ன இருக்கிறது என்று கடைசி வரி வரை கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.