மாப்பிள்ளையை ஜெர்மனில் கூப்பிட்ட ரங்கசாமி அண்ணன்

ரங்கசாமி அண்ணன் இறந்துவிட்டார். நேற்று வெள்ளிக்கிழமை மாலை, பெரியநாயக்கன்பாளையத்தில். வீட்டில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே...

யார், எங்கே, எப்போது என்று முதலில் சொல்லிப் பழக்கப்பட்டவன். சொல்லியாயிற்று. அதற்கு மேல் எழுத இன்று அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் இதைப் படிப்பவர்களில் அவரைத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள்.

பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் பாடம் எடுக்கப் போகும் கல்லூரியில் அவர்தான் பஸ் இன்சார்ஜ். என்னைவிடச் சற்று மூத்தவர்.

இந்த வருடம் கல்லூரியில் ஆன்லைனில் ஆரம்பநிலை ஜெர்மன் வகுப்பு தொடங்கினார்கள். ஸ்டாஃபும் சேரலாம் என்றதால், பொழுது போகட்டும் என்று சேர்ந்தேன். முதல் நாள் ஸ்க்ரீன் முழுக்க மாணவர் முகங்கள். ஒரு கட்டத்துக்குள் மட்டும் ரங்கசாமி அண்ணன். பின்னால் பஸ் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

“சார், மியூட் போடுங்க” என்றார் ஷர்மிளா மேடம். மேட்டுப்பாளையத்தில் தன் வீட்டிலிருந்து வகுப்பு எடுப்பவர்.

“போட்டுட்டா நான் பேசறது உங்களுக்குக் கேக்காதுங்களே மேடம்.”

“நீங்க இப்பப் பேச வேண்டாங்க சார்.”

“அப்படீங்களா... சரிங்க.”

மறுநாள் கேன்டீனில் டீ குடிக்கும்போது, உங்களுக்கு எதற்கு ஜெர்மன் என்று கேட்டேன். மெதுவாகத்தான் சொன்னார்.

மகள் கார்த்திகா ஜெர்மனியில் இன்ஜினியர். அங்கேயே மார்க்குஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகுதான் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணன் மகளோடு பேசுவதில்லை. மனைவி சாவித்திரி அக்கா தினமும் வீடியோ காலில் பேசுவார். இவர் பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

மகள் அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான். மார்க்குஸை அப்பா தன் வாயால் வீட்டுக்குக் கூப்பிடட்டும், இரண்டு பேரும் வருகிறோம்.

“இங்கிலீஷ்ல கூப்பிட்டா ஆகாதுங்களா?” என்றேன்.

“எனக்கு வர்ற இங்கிலீஷு டிரைவருகள மெரட்டத்தானுங்க ஆகும். மாப்பிள்ளைய மாமனாரு கூப்பிடறது மொறைங்க. அவிய பேச்சுல கூப்பிட்டாத்தான கூப்பிட்ட மாதிரி?”

“அதுக்குப் பொண்ணுகிட்டத் தமிழ்லயே பேசிப்போடலாமுங்களே.”

டம்ளரைக் கீழே வைத்தார். “அது வேறைங்க.”

குடும்பம் பற்றிய பாடம் வந்தது. வீட்டில் யார் யார் என்று ஒவ்வொருவரும் ஜெர்மனில் சொல்ல வேண்டும். அண்ணன் மனைவி பெயரைச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

“குழந்தைங்க, சார்?” என்றார் மேடம்.

“நெட் போச்சுங்க மேடம்” என்றார். பஸ் சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மேடம் அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்.

அடுத்த வகுப்பில் யாரும் கேட்காமலே ஆரம்பித்தார். எனக்கு ஒரு மகள். அவள் ஜெர்மனியில் வசிக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தடுக்கித் தடுக்கி, மூன்றையும் ஜெர்மனில் சொல்லி முடித்தார். எதற்காக ஜெர்மன் படிக்கிறார் என்பதையும் அன்றே தமிழில் சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஸ்க்ரீன் நிறையக் கைதட்டல் எமோஜி போட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா பேசிக்கொண்டிருந்த போனை வாங்கி மார்க்குஸிடம் ஜெர்மனில் பேசியிருக்கிறார். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

“கூப்பிட்டுப்போட்டேனுங்க மேடம்!”

“அட! மாப்பிள்ளை என்னங்க சார் சொன்னாரு?”

“நன்றி சொன்னாருங்க. அப்பறம் எப்ப வரட்டும்னாரு. எப்ப வேணா வாங்கன்னு சொல்றதுக்கு வாயில வார்த்தை வரலீங்க. சரி, சரின்னுபோட்டு போனை ஊட்டுக்காரிகிட்டக் குடுத்துட்டேன்.”

“அங்கெல்லாம் தேதி சொல்லோணுங்க சார்.”

“நம்மூட்டுக்கு வர்றதுக்குத் தேதி எதுக்குங்க?”

“அங்கிள், அவங்க லீவு போடணும்ல!” என்றாள் ஒரு மாணவி.

“அட, ஆமா கண்ணு!”

தேதி, மாதமெல்லாம் அடுத்த வாரப் பாடம். மேடம் அவருக்காக அன்றே சொல்லிக்கொடுத்தார். பொங்கலுக்குக் கூப்பிடுவது என்று முடிவானது. ஜனவரி பதினைந்து என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பிறகு மியூட் போட்டுவிட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். உதடு அசைவது தெரிந்தது.

அப்படியே கார்த்திகாவிடமும் பேசிவிடுங்கள் என்று வாட்ஸப்பில் எழுதினேன். வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. “ஞாயித்துக்கெழம பேசறேனுங்க. ரெண்டு பேர்த்துகிட்டயும்.”

இன்று சனிக்கிழமை.

காலையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரி டிரைவர்கள் நாற்காலி இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கார்த்திகாவும் மார்க்குஸும் அங்கிருந்து கிளம்பியாயிற்று. நாளை மதியம் அவர்கள் வந்தபின்தான் எடுப்பது.

சாவித்திரி அக்கா அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“சாவு ஊட்ல யாரையும் வாங்கன்னு சொல்லக்கூடாதுங்களே. மாப்பிள்ள மொத மொதல்ல வாராரு... எப்படீங்க?”

அக்கா பக்கத்தில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன்.

அதை நினைத்துக்கொண்டேதான் பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

நீங்க கூப்பிட்டாச்சுங்கண்ணா. அவிய வந்துட்டிருக்காங்க.