கிதாருக்கு வைத்த சந்தனம்

என் மகள் என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆயுத பூஜைக்கு வருகிறாள் என்று மனைவி சொன்னதும், இந்த முறை எப்படியாவது அவளைப் பேச வைத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். அதை ஒத்துக்கொள்ளவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அம்புட்டு வீம்பு.

திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தபோது, முதல் சம்பளத்தில் அவள் ஒரு கிதார் வாங்கினாள். பெரிய உடம்பு அதற்கு, கட்டிலில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கும். விலை குறைவுதான். ஆனால் மேல்பலகை சிடார் என்ற மரமாம், தேவதாரு வகையாம், இந்த விலைக்கு அது கிடைப்பதே அதிர்ஷ்டமாம். மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சு. மோந்து பார்க்கச் சொன்னாள். பென்சில் சீவிய வாசம் அடித்தது. தொட்டுப் பார்க்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள். மெத்து மரம், நகம் பட்டாலே பள்ளம் விழும், மேலே பாலிஷ்கூடப் பேருக்குத்தான் என்றாள்.

அப்புறம் ரெட்டியார்சத்திரத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கிதாரைப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். ஆட்டம் பாட்டம் என்று அலைகிற பெண் என நினைத்துவிடுவார்களோ என்று எனக்கு உதறல். பக்கத்து வீட்டுப் பையனுடையது, இடமில்லாமல் இங்கே போட்டு வைத்திருக்கிறான் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அவள் காபித் தட்டோடு எதிரில்தான் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்தபோதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சம்பந்தமும் அமையவில்லை. அந்த மாதமே கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கிதாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனில் அவள் அம்மாவோடு மட்டும்தான் பேச்சு. நான் எடுத்தால் கட் பண்ணிவிடுவாள்.

நான் பூ மூட்டையும் காய்கறியும் ஏற்றுகிற குட்டியானை வண்டி ஓட்டுபவன். எங்கள் வீட்டு ஆயுத பூஜை என்றால் வண்டி, ஸ்பானர், ஜாக்கி, மனைவியின் தையல் மெஷின், அவ்வளவுதான். இந்த வருஷம் கிதாரையும் பூஜைப் பலகையில் வைத்துவிடுவது என்று எனக்குத் தோன்றியது. சுண்டல் வாங்க வருகிற அக்கம்பக்கத்தார் யாருடையது என்று கேட்பார்கள். என் மகளுடையது என்று நாலு பேர் முன்னால் சொல்லலாம். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

வண்டியைக் கழுவிய கையோடு ஈரத்துணியால் கிதாரையும் துடைத்தேன். நகம் படவில்லை, அதில் குறை சொல்ல முடியாது. சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, மேல்பலகையில் மூன்று இடத்தில் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். தண்ணீர் சொட்டுகிற செவ்வந்திச் சரத்தையும் கழுத்தில் போட்டேன். மாப்பிள்ளை அலங்காரம் முடிந்ததா என்று மனைவி கிண்டல் செய்தாள்.

சாயங்காலம் மகள் வந்தாள். பூஜைப் பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பூரித்துப்போய் நிற்கிறாள் என்று நினைத்தேன், மடையன். வந்தவர்களிடமெல்லாம் அவள் காதில் விழும்படி, “எம் மகளோடது. நல்லா வாசிப்பா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் பொரியும் சுண்டலும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது வழக்கம். அதனால் யாரும் தொடவில்லை.

காலையில் முதல் ஆளாக எழுந்து துடைத்தேன். சந்தனம் வந்தது, குங்குமம் வரவில்லை. மூன்று இடத்திலும் சிவப்பு மரத்துக்குள் இறங்கியிருந்தது. தேங்காய் எண்ணெய் வைத்துப் பார்த்தேன்; சுற்றிலும் கருப்பாக ஒரு வளையம் விழுந்ததுதான் மிச்சம். சும்மா இருக்கிற கையா இது? பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து வந்து லேசாகத் தேய்த்தேன். சிவப்பு கொஞ்சம் வெளுத்தது, கூடவே மரமும் வந்தது. நாரெல்லாம் பழுப்புத் தூள். நடுவழியில் வண்டி படுத்தாலும் ரோட்டோரம் மல்லாந்து கிடந்து சரிபண்ணிவிடுகிறவன் நான். ஒரு கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

“விடுங்கப்பா. அது போகாது.”

பின்னால் மகள் நின்றிருந்தாள். இரண்டு மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. சிவப்பு இறங்குவதை நேற்றே பார்த்துவிட்டாளாம். அப்போதே துடைத்திருந்தால் பாதியாவது போயிருக்குமாம்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே தாயி.”

“நீங்க ஆசையா வச்சிருந்தீங்க. எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு வேற இருந்தீங்க.”

திட்டியாவது தொலை என்று கெஞ்சினேன். மதுரையில் ஆள் இருப்பார்கள், மேல்பலகையை மாற்றித் தருவார்கள், இப்போதே வண்டியை எடுக்கிறேன் என்று என்னென்னவோ உளறினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த நாரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அலையாதீங்கப்பா. போன மாசமே கோயம்புத்தூர்ல வேற ஒண்ணு வாங்கிட்டேன். இது இனிமே எனக்கு வேணாம்.”

என் மனசு நோகக்கூடாது என்றுதான் அதைச் சொன்னாள். தோளில்கூடத் தட்டிக்கொடுத்தாள். சரி தாயி என்றேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தபடி நாரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.