கீறல் விழுந்த டிஸ்க்கோடு ஒரு கிரிவலம்

காலை 7.10. ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவண்ணாமலை பஸ் புறப்பட்டது. போளூர் வழியாக ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய். பக்கத்து சீட்டில் மலை சுற்றப் போகிற ஒரு குடும்பம், மடியில் புளிசாதப் பொட்டலத்தோடு. நான் புண்ணியத்துக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் குரலைக் கேட்கப் போனேன். அவர் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது.

இரண்டு நாளைக்கு முன் பஷீர் போன் பண்ணினான். அவருடைய டூரிஸ்ட் வேனை வாங்கி ஓட்டுபவன். "அண்ணி, வண்டியில அண்ணன் பேசின டிஸ்க் ஒண்ணு கெடக்குது. வியாழக்கிழமை பழைய பாட்டு செட்டைக் கழட்டிட்டு பென் டிரைவ் செட்டு மாட்டப் போறேன். டிஸ்க்குல கீறல் ஜாஸ்தி, இந்த செட்டைத் தவிர வேற எதுவும் எடுக்கல. கம்ப்யூட்டர் சென்டர்லயும் காப்பி ஆவலன்னுட்டாங்க. கேக்கணும்னா புதனுக்குள்ள வந்துடுங்க" என்றான்.

அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் போட்டோ பத்து இருக்கிறது, குரல் ஒன்றுகூட இல்லை. ஒன்பது வருஷம் அந்த வேனை ஓட்டினார், ஒரு நாளும் நான் அதில் ஏறி மலையைச் சுற்றியதில்லை. எனக்கு லீவு என்றால் அவருக்குச் சவாரி. அவருக்கு ஓய்வு என்றால் எனக்குப் பள்ளிக்கூடம். நல்ல குடித்தனம்! புதன்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

9.20. திருவண்ணாமலை. பஸ் ஸ்டாண்டு வாசலில் பஷீர் நின்றிருந்தான்.

"இளைச்சுட்டீங்களே அண்ணி."

"உன் வண்டி மட்டும் என்ன கொழுத்தா போச்சு? கிளப்பு."

தீபக் கூட்டம் வடிந்து, ஊர் காலியாக இருந்தது. 9.45-க்கு ராஜகோபுரத்துக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டி டிஸ்க்கைச் செருகினான். செட்டு இரண்டு தரம் வெளியே துப்பியது. பஷீர் அதைச் சட்டையில் துடைத்து மூன்றாவது தரம் செருகினான். நான் தாலி இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வணக்கங்க. மொத்தம் பதினாலு கிலோமீட்டர். மலை எப்பவும் உங்க வலது கை பக்கம்தான் இருக்கும்."

ஐயோ, அவரேதான். சளி பிடித்த மாதிரி அந்தக் கரகரப்பு. இத்தனை மரியாதையாக என்னிடம் அவர் பேசியதே இல்லை.

பஷீர் விவரம் சொன்னான். தினமும் மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கத்தையும் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். கம்ப்யூட்டர் சென்டரில் போய் மைக்கை மாட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசி, நடுநடுவே பக்திப் பாட்டு சேர்த்து டிஸ்க் போட்டு வாங்கிக்கொண்டாராம்.

வண்டி நகர்ந்தது. யம லிங்கத்தையே தாண்டிவிட்டோம். அவர் என்னவோ இன்னும் அதற்கு முந்தின அக்னி லிங்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"தம்பி, அவரு எவ்ளோ ஸ்பீடுல ஓட்டுவாரு?"

"அண்ணனா? இருபதுக்கு மேல முள்ளு ஏறாது. ரோட்டுல போற நாயே அவரை ஓவர்டேக் பண்ணும்."

"அப்ப நீயும் இருபதுலயே போ."

வண்டியை நிறுத்தி, அவர் எங்களை எட்டிப் பிடிக்கும்வரை காத்திருந்து, பிறகு இருபதில் போனோம். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "இன்னா, வண்டியைத் தள்ளிக்கினு போறியா?" என்று கத்திவிட்டுப் போனார். போகட்டும். நிருதி லிங்கம் என்று அவர் சொல்ல, நிருதி லிங்கம் வந்தது. "இங்க கொஞ்சம் குலுங்கும், கொழந்தைங்களைப் புடிச்சிக்குங்க" என்றார். குலுங்கவில்லை, புதிதாக ரோடு போட்டிருக்கிறார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

10.40. அடி அண்ணாமலை. "எல்லாரும் எறங்கி டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அதோடு சத்தம் நின்றது. பஷீர் பட்டனை அழுத்தக் கை நீட்டினான்.

"இங்க வந்தா எப்பவும் டிஸ்க் படுத்துடும் அண்ணி. அடுத்ததுக்குத் தள்ளிடுவேன்."

"கையை எடு! படுக்கல. டீ குடிக்க நேரம் விட்டிருக்காரு."

அவன் வாயைப் பிளந்தான். அவன் டீக்கு நிறுத்துவது வேறு இடத்திலாம், அதனால் தோன்றவேயில்லை. செட்டை ஓடவிட்டு இறங்கி, மூன்று ரூபாய் டீயை நாக்குச் சுடக் குடித்துவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தோம். பேச்சு இல்லை. வெறும் இரைச்சல். டிஸ்க் நிஜமாகவே கெட்டுவிட்டதோ என்று செட்டின் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன்.

"எல்லாரும் வந்தாச்சா? டீ எப்படி இருந்துச்சுங்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"வெறும் தண்ணி. சர்க்கரையும் கம்மி. இதுக்குப் போயா எறங்கச் சொன்னீங்க?"

"அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம். போலாமா?"

பஷீர் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. குபேர லிங்கமும் ஈசான்ய லிங்கமும் வந்து போனதைச் சரியாகப் பார்க்கவில்லை.

மதியம் 12.30. ஆரணி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்த பஷீர், நாளைக்குக் கழற்ற இருந்த செட்டை இன்றைக்கே கழற்றி, டிஸ்க்கோடு துண்டில் சுற்றி நீட்டினான். "ஒரு பேட்டரி வச்சா வீட்லயே பேசும் அண்ணி." வேண்டாம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வேங்கிக்கால் தாண்டி, மலை ஜன்னலில் பின்வாங்கிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் டீ தண்ணியாக இருக்கிறது என்று நான் சொல்லி அந்த மனுஷன் ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை. பால் நீ வாங்கினதுதானே என்று ஆரம்பித்து என் அப்பன் வரைக்கும் போவார். நானும் விடமாட்டேன், அவர் பாட்டன் வரைக்கும் போவேன். இன்றைக்குச் சந்தோஷமாம், ரொம்ப சந்தோஷமாம். காலையில் வரும்போது குரலைக் கேட்டால் போதும் என்றுதான் இருந்தேன். கேட்டாயிற்று. போதவில்லை. ஒரு வார்த்தை என்னை எதிர்த்துப் பேசியிருக்கலாம்.