பிள்ளைக்கு வருத்தம்

விக்கிரமங்கலத்துக் கொளஞ்சியம்மாள் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். எண்பத்து நான்கில், இலங்கைச் சண்டைக்குத் தப்பி வந்தவர்களுக்கு அரியலூர் பக்கம் முகாம் போட்டபோது, மருந்து கொடுக்க அவளை அனுப்பினார்கள்.

முதல் நாள் வரிசையில் யோகராணி என்ற இளம் தாய், துணியில் சுற்றிய குழந்தையோடு வந்து நின்றாள்.

"அக்கா, பிள்ளைக்குச் சரியான வருத்தம்."

கொளஞ்சியம்மாளுக்கு மனசு கரைந்தது. "வூடு வாசலை விட்டுட்டு வந்தா வருத்தம் இருக்காதா தாயி? போகப் போகச் சரியாயிடும். செத்த ஒக்காரு, காய்ச்சக்காரங்களைப் பாத்துட்டு வரேன்."

யோகராணி கொட்டகை ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். கைப்புண்ணுக்குக் கட்டுப்போட்டுக்கொள்ள அடுத்து நின்ற கந்தையா என்ற அகதிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மிஸ்ஸி, வருத்தக்காரப் பிள்ளையை இருத்திப்போட்டு என்ர கையைப் பிடிக்கிறியள்? எங்கட ஊரில நோயைத்தான் வருத்தமெண்டு சொல்லுறது."

கொளஞ்சியம்மாள் கட்டுத்துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஓடிப்போய்த் துணியை விலக்கினாள். பிஞ்சு உடம்பு அனலாய்க் கொதித்தது, கண்கள் செருகியிருந்தன. டாக்டரை அழைத்து ஊசி போடவைத்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, பிள்ளையை மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்தாள். பொழுது சாயும்போது பிள்ளை கண் திறந்து வீறிட்டு அழுதது.

"ஏன் தாயி, என்கிட்ட சண்டைக்கு வந்திருக்கக் கூடாதா?"

"கரையேறின நாளிலிருந்து எல்லாரும் இரு எண்டுதான் சொன்னவை அக்கா. அதுதான் இருந்தனான்."

"இனிமே யார் சொன்னாலும் இருக்காத. என் முந்தானையைப் புடிச்சு இழு."

யோகராணி அப்போதே அதைப் பிடித்துக்கொண்டு, ஓசையில்லாமல் அழுதாள். வெளியே, நர்ஸை ஊருக்குத் திரும்ப அழைத்துப்போக வந்த ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் எழுந்திருக்கவில்லை.