புது கேசட் வண்டி

இந்த வாரம் வெளிவந்த ஃபங்க் பாட்டு என்று மகள் ஸ்பீக்கரில் போட்டாள். பேஸ் கிட்டாரின் அதிர்வு தரை வழியாக என் பாதத்தில் ஏறியது.

பல வருடங்களுக்கு முன், நான் ஒன்பதாம் வகுப்பில் சேர அன்று கடைசி நாள். ரிஷிவந்தியம் நிறுத்தத்தில் அண்ணனோடு நின்றிருந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. அண்ணன் ஏறவில்லை.

"அதுல பழைய பாட்டுதான். பின்னாடி வர்ற வண்டில புது கேசட் போட்டுக்கினு வரான். சீட்டே அதிருமாம்."

"ஆபீஸ மூடிடுவாங்கண்ணா."

"எப்பப் பாரு பயந்துக்கினே இரு. இஸ்கூலு இன்னா, ஓடியா பூடும்?"

இரண்டு வண்டிகளை விட்டு மூன்றாவதில் ஏறினோம். உள்ளே டீசலும் பீடியும் கனகாம்பரக் கூடையும் கலந்த வாடை. எங்கள் சீட்டுக்கு அடியிலேயே ஸ்பீக்கர் பெட்டி. தாளத்தின் ஒவ்வொரு அடியும் முதுகுத்தண்டில் ஏறியது. சொல்ல வெட்கம்தான், இறங்கும்வரை நான் எதற்கும் பயப்படவில்லை.

பள்ளி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மறுநாள் போனபோது இடமில்லை என்றார்கள். அடுத்த வாரம் அப்பா என்னைக் கரும்பு வெட்ட அழைத்துப் போனார். அண்ணனை நான் குறை சொன்னதில்லை. பாட்டு நன்றாகத்தான் இருந்தது.

"நல்லாயில்லியாம்மா?" என்றாள் மகள்.

"நல்லாத்தான் இருக்குது. காலேஜ்ல சேர என்னிக்குக் கடைசி?"

"இன்னும் பத்து நாளு இருக்குதும்மா."

"நாளைக்கே போ. எந்த வண்டி மொதல்ல வருதோ, அதுல ஏறு."