குழாயில் வந்த கழிமுகம்

நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் கொங்கண் கரையில் ஒரு கழிமுகத்தின் சேற்றை வாசனையிலேயே அடையாளம் சொல்வேன். அழுகிய முட்டை நாற்றம், அதற்குப் பின்னால் லேசாக எண்ணெய். புனே பக்கம் கசார்வாடிப் பட்டறையில் லேத் ஓட்டும் அப்பாவின் சட்டையிலும் அந்த எண்ணெய் வாடை உண்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுபதுகளின் கடைசியில் புனேயில் ஒரு லேபில் வேலை கிடைத்தது.

"சேத்துல கால வெக்க வாணாம்னுதான் ஊர்ல வயல வுட்டுட்டு இவ்ளோ தூரம் வந்தோம். நீ படிச்சிட்டு அதுலயே கைய வுட்டுகினு நிக்கிற" என்பார் அப்பா.

"அது நெல்லு வெளையிற சேறு. இது வெஷம்ப்பா."

"அப்ப சாபன் போட்டு கழுவிகினு வந்து சப்பாத்தியத் தேய்" என்பாள் அம்மா.

ஆலைக் கழிவு அந்தக் கழிமுகத்தில் பல வருடங்களாகப் படிந்திருந்தது. தோண்டி எடுப்பதா, அப்படியே விடுவதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். படகில் போகிறவர்கள் கண்ணாடி போன்ற குழாயைச் சேற்றில் இறக்கி, அடுக்கு கலையாமல் எடுத்து வருவார்கள். நான் அடுக்கடுக்காக வெட்டிச் சோதிப்பேன். அடியில் இருப்பது பழைய அழுக்கு. உச்சியில் பழுப்பாக, பாலாடைபோல் இருப்பது சமீபத்தில் படிந்தது. அது சுத்தமாக இருந்தால் புதுச் சேறு பழைய விஷத்தை மூடிவருகிறது என்று பொருள்; தோண்டினால்தான் கெடுதல்.

வந்த குழாய் ஒன்றிலும் அந்த ஆடை இல்லை. எடுத்த எடுப்பிலேயே கறுப்பு.

கொண்டுவந்தவர்களைக் கேட்டேன். "பஸ்ஸில் தண்ணீர் ஒழுகினால் கண்டக்டர் கத்துகிறான், மேடம். மேலே கலங்கலாக நின்றதைக் கொட்டிவிட்டு, சீட்டுக்கு அடியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம்" என்றார்கள் மராத்தியில். எதை எடுக்கப் போனார்களோ அதைக் கொட்டியிருந்தார்கள்.

அதிகாரியிடம் போனேன். "மறுபடியும் எடுக்க வேண்டும் சார். இந்தத் தடவை நானும் போகிறேன்." முதல் குழாயைத் திறந்த நாளிலிருந்து எனக்குள் இருந்த ஆசை அது.

"லேடீஸ் படகிலா? அங்கே தங்கக்கூட இடமில்லை. எப்படி எடுப்பதென்று அவர்களுக்குச் சொல்லிக்கொடு, போதும்."

வேண்டுமென்றே அரைகுறையாகச் சொன்னால் மறுபடியும் தவறுவார்கள், அப்போது என்னை அனுப்பியே ஆக வேண்டியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் என் வேலையை அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. வாளியில் சேறு கரைத்து வைத்துச் செய்தே காட்டினேன். இரண்டு பக்கமும் இறுக்கி மூடு. படுக்கவைக்காதே. மடியில் நிமிர்த்திப் பிடி.

"குழாய்க்கும் டிக்கெட் கேட்பானே?" என்றார் அவர்களில் ஒருவர்.

"அரை டிக்கெட் எடுங்கள். மடியில்தானே உட்காருகிறது!" என்றேன்.

குழாய்கள் நிமிர்ந்தே வந்தன. பழுப்பு ஆடை கலையவில்லை. அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கழிமுகத்துத் தண்ணீர்.

"பார்த்தாயா, நீ போகாமலே சரியாக வந்துவிட்டது" என்றார் அதிகாரி.

சோதனையில் அந்த ஆடை கீழே இருந்த சேற்றைவிடச் சுத்தமாக இருந்தது. தோண்ட வேண்டாம், அப்படியே விடுங்கள் என்று சொல்லிவிட்டோம். படகுப் பயணமும் அதோடு நின்றது. சொன்னது சரிதான், இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு குழாயை ஜன்னலோரம் வைத்து, தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். வெளியே போசரி ஆலைகளுக்குப் போகும் லாரி ஒன்று மேஜையை அதிரவைத்துப் போனது. குழாய்க்குள் சின்னதாக ஓர் அலை எழுந்தது. அது அடங்கும்வரை கத்தியைத் தொடவில்லை.