எறும்பு ஏறாத கிடங்கு

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நான் நம்பினவன் கிடையாது. இப்போது கேட்டாலும் நம்பவில்லை என்றுதான் சொல்வேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

எனக்கு வெல்ல வியாபாரம், பெரிய கடைவீதியில் கடை. உலகச் சண்டை ஆரம்பித்த சமயம், சரக்கு கிடைக்கும்போதே வாங்கிப் போட்டால்தான் பிழைப்பு என்று ஆகிவிட்டது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நல்ல கிடங்கு அமையாவிட்டால் அத்தனை வெல்லமும் பாகாகித் தெருவில் ஓடும், நானும் கூடவே ஓட வேண்டியதுதான். கிடங்கு அமைந்ததும் அதை ரங்கன் பொறுப்பில் விடுவதாகப் பேச்சு. ரங்கன் என் பெண்டாட்டி கமலத்தின் தம்பி. தாய் தகப்பன் இல்லாதவன், அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. ஸ்ரீரங்கத்தில் அவனுக்குப் பெண்கூடப் பார்த்து வைத்திருந்தோம்.

வெல்லக்காரர்கள் கிடங்கு பார்க்கிற விதம் வேறு. சுவரையும் கூரையையும் பார்த்து மயங்க மாட்டோம். ஓர் அச்சு வெல்லத்தை மூலையில் வைத்துப் பூட்டிவிட்டு மறுநாள் போவோம். வியர்த்திருந்தால் ஈரம், எறும்பு மொய்த்திருந்தால் லாயக்கில்லை. தென்னூரில் பார்த்த இடத்தில் வியர்த்துவிட்டது. கோட்டை ஸ்டேஷன் பக்கம் எறும்பு வெல்லத்தையே மூடியிருந்தது. கடைசியில் திருவானைக்காவலில், ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம். ஆற்றங்கரையில் ஈரம் இல்லாமல் இருக்குமா என்று வேண்டாவெறுப்பாக வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் வெல்லம் வைத்தபடியே உலர்ந்து கிடந்தது. வாசலில் கட்டெறும்பு சாரை சாரையாகப் போகிறது, படியைத் தாண்டி ஒன்றுகூட உள்ளே வரவில்லை. ரங்கன் விளையாட்டாக ஒன்றை எடுத்து வெல்லத்தின் மேலேயே விட்டான். சூடு பட்டதுபோல் அது இறங்கி ஓடியது.

கட்டடத்துக்காரம்மாள் பக்கத்து வீட்டில் இருந்தாள். வயதானவள், மரியாதையான பேச்சு. வாடகை பேச உட்கார்ந்தால் அவள் வேறு எதையோ கேட்டாள்.

“சாவி யாரு கையில இருக்கும்ங்க?”

“என் மச்சினன்தான்மா பாத்துக்குவான்,” என்றேன்.

ரங்கனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கிட்டே கூப்பிட்டு, சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி அவன் கையை அமுக்கிப் பார்த்தாள். அப்புறம், நான் வாயே திறக்கவில்லை, தானாகவே வாடகையைப் பாதியாகக் குறைத்தாள்.

“ஒண்ணே ஒண்ணுங்க. சாவி கை மாறக் கூடாது. தூங்கும்போதும் அவர் இடுப்புலதான் இருக்கணும்.”

நான் வியாபாரி, பாதி வாடகைக்கு விடுகிறவளிடம் ஏன் என்று கேட்பேனா? நீங்களாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டீர்கள். ரங்கன்தான் ஆசையாகக் கையை நீட்டி வாங்கி அரைஞாணில் முடிந்துகொண்டான்.

மழை கொட்டியது. கடைவீதியில் எல்லார் வெல்லமும் கருத்துக் கசிந்தது, என் சரக்கு மட்டும் பொன்னாக இருந்தது. ஒருநாள் காலையில் ரங்கன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“அக்கா, காபில சக்கர போடலையா?”

“போட்டேனேடா.”

இன்னும் போட்டுக் கொடுத்தாள். இனிக்கவில்லை என்றான். பாயசமும் இனிக்கவில்லை. அப்புறம் சோறே மண்ணாகிவிட்டது, ஆள் உருகிக்கொண்டே போனான். வைத்தியர் நீரிழிவோ என்று சந்தேகப்பட்டு, சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று கேட்டார். இல்லை. எறும்பு அவன் படுத்த பாய்ப் பக்கமே வருவதில்லை. கமலம் அந்தச் சாவியை அவிழ்க்கப் போனாள், வளர்த்தவள் கையைக் கடித்துவிட்டான். தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். தை பிறப்பதற்குள் போய்விட்டான். வாய்க்கரிசி போடும்போது கமலம் ஒரு துண்டு வெல்லத்தையும் அவன் வாயில் வைத்தாள், நான் தடுக்கவில்லை.

காரியம் முடிந்ததும் சரக்கைக் காலி பண்ணிவிட்டு, பட்டப்பகலில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவளை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். அவள் சாவியைத் தொடவில்லை.

“கீழ வெச்சுடுங்க. பாவம், நல்ல பிள்ள. இன்னும் கொஞ்ச நாள் தாங்குவார்னு நெனச்சேன்.”

சாவியைக் கீழே போட்டேன். திரும்பி வாசலுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து அதே மரியாதையான குரலில் சொன்னாள்.

“பொறக்கப்போறது ஆம்பளப்பிள்ளதாங்க. நல்லா வளரட்டும். கெடங்கு எங்கயும் போயிடாது.”

பிள்ளை இல்லை என்று நாங்கள் கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. முழுகாமல் இருப்பது கமலத்துக்கே அடுத்த மாதம்தான் தெரிந்தது.

பையன்தான் பிறந்தான். கடையை விற்றுவிட்டு, யாருக்கும் விலாசம் சொல்லாமல் உறையூரில் ஒரு சந்துக்குள் குடி வந்துவிட்டோம். அந்தம்மாள் அவனை ஒரு தடவைகூடப் பார்த்தது கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வாசலில் ஒரு சட்டை மடித்து வைத்திருக்கிறது, புதுசு, ஓரத்தில் மஞ்சள் தடவினது. யார் வைக்கிறார்கள் என்று காத்திருந்தும் பார்த்துவிட்டேன், ஆள் அகப்படவில்லை. கமலம் அதை எடுத்து அடுப்பில் போட்டுவிடுவாள். இந்த வருஷம் போடுவதற்கு முன்னால், என்ன தோன்றியதோ, தூங்குகிற பையன் மேல் வைத்துப் பார்த்தாள். தோளும் கையும் கச்சிதமாக இருந்தன.